ஒரு நிமிடச் சாயங்காலம்

நாத்தனாரைப் பற்றி ஒருத்தி எழுத உட்கார்ந்தால், படிக்கிறவர்கள் முதல் வரியிலேயே காதைத் தீட்டிக்கொள்வார்கள். ஏமாந்து போகாதீர்கள். குறை சொல்ல என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது, அதில் கொஞ்சம் அவிழ்க்கத்தான் போகிறேன். ஆனால் என் வீட்டுக்காரரின் அக்காவை, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவரை, எனக்குப் பிடிக்கும். ரொம்பவே பிடிக்கும். அதை அவரிடம் நேரில் சொன்னதில்லை. சொன்னால், "எதுக்கு இப்ப ஐஸ் வைக்கிற, திரும்பவும் பால் பொங்க விட்டுட்டியா?" என்று கேட்பார்.

அண்ணியின் வேலை படம் துடைப்பது. அவரே அப்படித்தான் சொல்வார். நகரத்து ஓவியக்கூடத்தின் பின்பக்க மாடியில், ஒரு சுவர் முழுக்க ஜன்னலாக இருக்கும் அறையில், இருபத்தெட்டு வருடமாகப் பழைய ஓவியங்களின் மேல் படிந்த அழுக்கை எடுத்துக்கொண்டிருந்தார். மெல்லிய மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி, அதை நனைத்து, படத்தின் மேல் சுண்டைக்காய் அளவு இடத்தில் உருட்டுவார். பஞ்சு கறுத்ததும் அதைக் கழற்றி ஒரு பாட்டிலில் போட்டுவிட்டுப் புதுப் பஞ்சு சுற்றுவார். ஒரு கதவு அகலப் படத்துக்கு இப்படி நாலு மாதம் ஆகும். என்னை அங்கே உட்கார வைத்தால் நாலாம் நாளே ஜன்னல் வழியாகக் குதித்திருப்பேன்.

மேலாக இருக்கும் புகை, தூசி எல்லாவற்றுக்கும் முதல் மருந்து எச்சில். நான் விளையாடவில்லை. கடையில் வாங்கும் எந்தத் திரவத்தையும்விட மனுஷ எச்சில் பதமாக வேலை செய்யும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியுமாம். எனக்குக் கல்யாணமான புதிதில், ஒருநாள் காலையில் அண்ணி காபி டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"இன்னைக்கு எச்சில் வேலை. காபி வேண்டாம்."

ஒருத்தர் வாய் வைத்த டம்ளரை இன்னொருத்தர் தொடாத வீட்டில் வளர்ந்தவள் நான். ஊரே நின்று வாயைப் பிளந்து பார்க்கும் படங்களில் பாதி என் நாத்தனாரின் எச்சில் பட்டவை என்று தெரிந்தபோது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து, "எங்க அண்ணி எச்சில் பண்ணாத படமே இந்த ஊர்ல இல்ல" என்று கடைத்தெருவில் பீற்றிக்கொள்ள ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரர் அதே ஓவியக்கூடத்தில் எலக்ட்ரீஷியன். அக்கா மாடியில், தம்பி ஏணியில். நான் வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். பேன்ட்டைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, போன வருடம் இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுத்ததை இந்த வருடம் பிரித்து விடுவது, இவைதான் என் தொழில்.

எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் முக்கால்வாசி வெளிச்சத்தைப் பற்றியவை. எனக்கு வெளிச்சம் இல்லாவிட்டால் ஊசியில் நூல் ஏறாது. அண்ணிக்கோ வெளிச்சத்தைக் கண்டாலே ஆகாது. வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஜன்னல் திரைகளை இழுத்து மூடுவார். எங்கள் வீட்டுச் சுவரில் ஓவியம் எதுவும் கிடையாது, ஒரு காலண்டர்தான் தொங்குகிறது. அந்தக் காலண்டரின் மேல் வெயில் படுவதைக்கூட அவரால் தாங்க முடியாது.

"வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா நிறம் வெளுத்துக்கிட்டே போகும். அப்புறம் இருட்டுல வெச்சாலும் போனது திரும்பி வராது" என்பார்.

"டிசம்பர் முடிஞ்சா கிழிச்சுப் போடற காலண்டர் அண்ணி."

"அதுவரைக்கும் அது நல்லா இருக்கட்டுமே."

ஒரே ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. நிறம் பார்க்க வேண்டுமென்றால் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் பல்புக்குக் கீழே வெள்ளை நூலும் இளமஞ்சள் நூலும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். வாசலுக்குக் கொண்டுபோனால்தான் குட்டு வெளிப்படும். ஒரு தடவை சோம்பல்பட்டு, கறுப்புக் கோட்டுக்குக் கருநீல நூலில் தைத்துக் கொடுத்து, கோட்டுக்காரரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குத்தான் தெரியும். அண்ணிக்கும் அதே சட்டம்தான். மேல் அழுக்கை எந்த வெளிச்சத்தில் வேண்டுமானாலும் எடுக்கலாம். வண்ணத்துக்கு நெருக்கமாக இருக்கும் கடைசி அடுக்கைப் பகல் வெளிச்சம் இல்லாமல் தொடவே கூடாது.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன்.

ஓவியக்கூடத்தின் மூன்றாவது ஹாலில் ஒரு பனிக்காலப் படம் இருக்கிறது. நூறு வருடத்துக்கும் மேல் பழையது. உறைந்துபோன ஓடை ஒன்று, இலையில்லாத இரண்டு மரங்கள், தூரத்தில் புகைபோக்கியோடு ஒரு வீடு. முதுகில் விறகுக்கட்டோடு ஒரு ஆள் பனியில் நடக்கிறான், முகம் தெரியாது. அவ்வளவுதான் படம். ஆனால் அதன் எதிரே போட்டிருக்கும் பெஞ்சில் என்றைக்கும் இடம் கிடைக்காது. மற்றப் படங்களை நின்று பார்ப்பவர்கள் இதை மட்டும் உட்கார்ந்து பார்ப்பார்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன். பொழுது சாய்கிற நேரம், அந்த ஆள் வேலை முடித்து வீட்டுக்குப் போகிறான், உள்ளே யாரோ அடுப்பு மூட்டிவிட்டார்கள் என்று தோன்றும். இத்தனை பனியைப் பார்த்தும் குளிராது.

அந்தப் படத்தைத் துடைத்தது அண்ணிதான், பதினாலு வருடத்துக்கு முன்னால். அதில் சுத்தமான வெள்ளை ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, வீட்டுக் கூரையின் விளிம்பில் எள்ளளவு, மற்றப் பனியெல்லாம் நீலமும் சாம்பலும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். துடைத்து முடித்த படத்தைத் திரும்பப் போய்ப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. "புகுந்த வீட்டுல நல்லாத்தான் இருக்கும், நாம போய் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்பார்.

போன வருடம் ஓவியக்கூடத்தில் பழைய மஞ்சள் விளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டுப் புது வெள்ளை விளக்குகள் போட்டார்கள். போட்டார்கள் என்றால் போட்டது என் வீட்டுக்காரர்தான். ஒரு மாதம் கழுத்து வலியோடு ஏணியில் நின்றார். நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டும் விளக்கு என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதற்குப் பிறகு மூன்றாவது ஹாலில் ஏதோ கோளாறு என்று பேச்சு கிளம்பியது. முதலில் சொன்னவர் ஹாலின் காவலாளி. இருபது வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் கொட்டாவி.

"அந்த பெஞ்சில இப்ப யாரும் உட்கார்றதில்ல. உட்கார்ந்தாலும் குளிர்ற மாதிரி இருக்குன்னு எழுந்து போயிடறாங்க" என்றார் அவர்.

பார்வையாளர் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தார்கள். எங்கள் படத்தைச் சாகடித்துவிட்டீர்கள் என்று ஒருவர். விளக்கு போட்டவர் முதலில் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும் என்று இன்னொருவர். அந்த ஆள் இப்போது வீட்டை விட்டுப் போகிறவன் மாதிரி இருக்கிறான் என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். என் வீட்டுக்காரர் மூன்று தடவை விளக்கை மாற்றிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார். ஒன்றும் சரிப்படவில்லை. ஒருநாள் கையில் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது. அவரை ஓவியக்கூடத்திலிருந்து எடுத்து ஊருக்கு வெளியே தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது.

"நான் விளக்குதான் போட்டேன். பனியைக் கொட்டினது நான் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, தட்டில் இருந்ததை அளைந்துகொண்டிருந்தார். எதுவாக இருந்தாலும் மூன்று தடவை போட்டுச் சாப்பிடுகிற மனுஷன்.

அண்ணி காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். "திங்கக்கிழமை லீவு நாள்ல நான் வந்து பார்க்கறேன்" என்றார்.

திங்கட்கிழமை மூன்று பேருமாகப் போனோம். கொட்டாவி கதவைத் திறந்துவிட்டார். அண்ணி படத்தின் எதிரே நின்றார். நின்றார் என்றால், எனக்குக் கால் வலித்து நான் பெஞ்சில் உட்கார்ந்து, உட்கார்ந்ததில் குளிர்ந்து எழுந்துகொள்ளும் வரைக்கும் நின்றார். பிறகு குனிந்து, மரங்களுக்குக் கீழே பனியின் மேல் நீளமாகக் கிடந்த இரண்டு நிழல்களையும் பார்த்தார்.

"நிழல் இருக்கு. வெயில் எங்க?"

எங்களுக்குப் புரியவில்லை. அண்ணி விரலைப் படத்தில் படாமல் காற்றில் ஓட்டிக் காட்டினார். நிழல் இவ்வளவு நீளமாக விழுந்தால் சூரியன் தாழ்ந்திருக்க வேண்டும். தாழ்ந்த சூரியன் பனியின் மேட்டில் எல்லாம் நிறம் பூசியிருக்க வேண்டும். இங்கே நிழலுக்குப் பக்கத்திலும் பனி, மேகம் மூடிய மத்தியானம் மாதிரி சாம்பல் பூத்துக் கிடந்தது.

"மேகம் மூடின நாள்ல நிழல் விழுமா?" என்று கேட்டார் அண்ணி.

"அதுதான்க்கா, விளக்குல ஏதோ..."

"உன் விளக்கு சரியா இருக்குடா. அது சரியா இருக்கறதாலதான் தெரியுது."

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்த அலமாரியைத் திறந்தார். அந்த அலமாரியைப் பற்றி நான் சொல்லவில்லை. துடைத்த பஞ்சுகளைப் படத்துக்கு ஒரு ஜாம் பாட்டில் என்று போட்டு, தேதி எழுதி ஒட்டி, அறுபது எழுபது பாட்டில்களை அண்ணி அதில் அடுக்கி வைத்திருக்கிறார். அழுக்குப் பஞ்சைச் சேர்த்து வைக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேனே என்று நான் புலம்பாத வருடம் இல்லை. ஊறுகாய் போட எனக்கு ஒரு பாட்டில் அகப்படாது.

பனிக்காலப் படத்தின் பாட்டிலை எடுத்து வாசலுக்குக் கொண்டுபோனார். மத்தியான வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடியில் கறுப்புப் பஞ்சு, அது புகையும் தூசியும். அதற்கு மேல் டீத்தூள் நிறம், அது படத்தைக் காக்க மேலே பூசியிருந்த பழைய வார்னிஷ். அதற்கும் மேலே இருப்பது வெள்ளையாக இருக்க வேண்டும். அழுக்கு தீர்ந்துவிட்டது, இனிமேல் உருட்டினால் பஞ்சு சுத்தமாக வரும் என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால் பாட்டிலின் மேல் நாலு விரல் உயரத்துக்கு ஒரு மெல்லிய நிறம் இருந்தது. உள்ளங்கையை விளக்குக்கு நேராகப் பிடித்தால் விரல் ஓரத்தில் தெரியுமே, மஞ்சளும் இல்லாமல் ரோஜாவும் இல்லாமல், அந்த நிறம்.

அண்ணி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இது வார்னிஷ் இல்ல. பெயிண்ட். எல்லாம் காய்ஞ்சப்புறம் தண்ணி மாதிரி ஒரு வண்ணத்தைப் பனி மேல மெல்லிசா ஓட விட்டிருக்கார் அந்த மனுஷன். அதுதான் அங்க இருந்த வெயில். அழுக்குன்னு நெனச்சு நான் எடுத்துட்டேன்."

பழைய மஞ்சள் விளக்குகள் இருந்தவரை அந்தக் குறை யாருக்கும் தெரியவில்லை. விளக்கின் மஞ்சளே பனியின் மேல் வெயிலாக நின்றிருக்கிறது. துடைப்பதற்கு முன்னால் எடுத்த போட்டோவும் உதவாது. அதில் படம் முழுக்க ஒரே பழுப்பு, எது அழுக்கு எது வெயில் என்று பிரிக்க முடியாது. பதினாலு வருடம் கழித்து என் வீட்டுக்காரர் வந்து உள்ளது உள்ளபடி காட்டும் விளக்கைப் போட்டிருக்கிறார்.

பகல் வெளிச்சத்தில் பஞ்சைப் பார்த்திருந்தால் அந்த நிறம் அப்போதே தெரிந்திருக்கும். பல்பு வெளிச்சத்தில்தான் அது வெள்ளையாகத் தெரியும். இது எனக்குத் தெரியும், என்னைவிட அண்ணிக்குத் தெரியும். பிறகு எப்படி என்று பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். ஒட்டியிருந்த சீட்டில் தேதி இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு மூன்று நாள் முந்தைய தேதி.

"அந்த வாரம் வெளிச்சுவரைப் பூசறாங்கன்னு ஜன்னலுக்குப் பலகை அடிச்சிருந்தாங்க" என்றார் அண்ணி, நான் கேட்காமலே. "பத்து நாள் ஆகும்னாங்க."

"நீங்க காத்திருந்திருக்கலாமே."

"முடிச்சாத்தான் லீவுன்னு சொல்லிட்டாங்க."

"எங்க கல்யாணத்துக்காகவா அண்ணி?"

"அதையும் இதையும் முடிச்சுப் போடாத. தப்பு பண்ணினது என் கண்ணு. உன் கல்யாணம் இல்ல."

கல்யாணத்தன்று காலையில் என் உடையின் தோளில் ஒட்டியிருந்த பஞ்சு இழையை அண்ணி இரண்டு விரலால் எடுத்துவிட்டது நினைவுக்கு வந்தது. என்னடா இது, இந்த அம்மா போகிற இடமெல்லாம் பஞ்சைச் சிந்துகிறார் என்று அன்றைக்கு மனதுக்குள் அலுத்துக்கொண்டவள் நான். அவர் வராமல் போயிருந்தால் அந்தப் படம் பிழைத்திருக்கும். வந்ததால் எனக்கு அந்த நாள் கிடைத்தது.

இனி என்ன செய்வது என்பதில் அக்காவுக்கும் தம்பிக்கும் அன்று சாயங்காலம் நடந்த சண்டையை நான் மறக்க மாட்டேன். வழக்கமாகக் குடும்பங்களில் பழியை அடுத்தவர் தலையில் கட்டத்தான் சண்டை போடுவார்கள். இவர்கள் தன் தலையில் கட்டிக்கொள்ள அடித்துக்கொண்டார்கள்.

"நீ வாயே திறக்காதக்கா. பம்ப் ஹவுஸ்ல என்ன, கால் மேல கால் போட்டுப் பேப்பர் படிப்பேன். நீ சொன்னா இருபத்தெட்டு வருஷ நல்ல பேரும் போயிடும்."

"நீ செய்யாத தப்புக்கு உன்னை அனுப்பிட்டு, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் குச்சியில பஞ்சு சுத்தறது?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு கணம் என் புத்தியும் கோணலாகத்தான் போனது. சாட்சி என்று இருப்பது ஒரே ஒரு ஜாம் பாட்டில். எத்தனையோ தடவை குப்பையில் போடுகிறேன் என்று மிரட்டிய பாட்டில். இன்றைக்குப் போட்டால் யாருக்குத் தெரியும்? விளக்கைப் பழையபடி மாற்றிவிட்டால் பம்ப் ஹவுஸும் இல்லை, ஒன்றும் இல்லை. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாட்டிலைத் தன் அறைக்குள் எடுத்துப் போனார்.

மறுநாள் காலையில் காபி டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"எச்சில் வேலையா அண்ணி?"

"இல்ல. பேசற வேலை" என்று சொல்லிவிட்டு, பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

இயக்குநர் அறையில் நடந்ததை என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இயக்குநர் அண்ணியைவிடப் பத்து வயது சின்னவர், நல்ல மாதிரி. பாட்டிலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "உங்களைவிட நல்ல கை இந்த ஊர்ல யாருக்கும் இல்ல. அந்த நிறத்தை நீங்களே மெல்லிசாத் திரும்பப் பூசிடுங்க. வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றாராம்.

"எடுத்த கை என்னோடது மேடம். பூசின கை என்னோடது இல்ல. நான் பூசினா அது என் சாயங்காலமா இருக்கும். அவரோடதா இருக்காது" என்று அண்ணி சொல்லியிருக்கிறார்.

என் வீட்டுக்காரரிடம் விளக்கம் கேட்ட காகிதத்தை இயக்குநர் அங்கேயே கிழித்துப் போட்டார். அண்ணி நாலு பக்கத்துக்குத் தன் தப்பைத் தானே எழுதிக் கொடுத்தார். இனிமேல் கடைசி அடுக்கை அவர் தனியாகத் தொடக் கூடாது, இன்னொருவர் கூட இருந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதைப் படித்துவிட்டு, "இது பதினாலு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருக்கணும்" என்றார். படத்தின் பக்கத்தில் வைக்கும் குறிப்பில், பனியின் மேலிருந்த மாலை வெளிச்சம் காலப்போக்கில் நீங்கியது என்று இயக்குநர் இரக்கப்பட்டு எழுதியிருந்தார். அண்ணி பேனாவை வாங்கி, "காலப்போக்கில்" என்ற சொல்லை அடித்துவிட்டு, "சுத்தம் செய்தபோது தவறுதலாக" என்று எழுதிக் கொடுத்தார்.

"காலம் ஒண்ணும் பண்ணல மேடம்" என்றாராம்.

தம்பி பிழைத்தார். படத்துக்கு வெயில் வரவில்லை. அதற்குப் பிறகு அண்ணியைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அழுது புலம்புகிற ஜாதி இல்லை அவர். வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். ஆனால் ராத்திரியில் டி.வி. முன்னால் உட்கார்ந்து மறுநாளைக்குப் பஞ்சு சுற்றி வைக்கும் வழக்கம் நின்றுபோனது. ஜன்னல் திரைகளை மூடுவதும் நின்றது. காலண்டரின் மேல் பளீரென்று வெயில் விழும், அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பதினாலு வருடம் சண்டை போட்டும் கிடைக்காத வெளிச்சம் எனக்கு இலவசமாகக் கிடைத்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே எழுந்து போய்த் திரையை இழுத்து மூடினேன்.

"ஏன், உனக்கு ஊசி கோர்க்க வேண்டாமா?" என்றார்.

"காலண்டர் வெளுக்குது" என்றேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவர் பேசுவது அபூர்வம். பேசினால் ஏற்கெனவே மனதுக்குள் ஒயர் இழுத்து முடித்திருப்பார்.

"பூசத்தானேக்கா கூடாது? வெளிச்சமாப் போட்டா?"

"என்ன சொல்ற?"

"பனி மேல மட்டும் விழற மாதிரி ஒரு சின்ன விளக்கு. அந்த நிறத்துல. படத்தைத் தொட வேண்டாம். அணைச்சா ஒண்ணும் மிச்சமிருக்காது."

"அது பொய் வெளிச்சம் ஆயிடுமேடா."

"மறைச்சு வெச்சாத்தான் பொய். எதிர்ல ஒரு பட்டன் வெச்சிடுவோம். இப்ப இருக்கறது இது, முன்னாடி இருந்தது இதுன்னு எழுதிப் போட்டுடு. பார்க்கறவங்க அவங்களே அழுத்திப் பார்க்கட்டும்."

அண்ணி சாப்பிடுவதை நிறுத்தினார். கை காய்கிற வரைக்கும் யோசித்துவிட்டு, "ஒரு நிமிஷம்தான். அதுக்கு மேல எரியக் கூடாது" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும், திரைகள் இனி ஒழுங்காக மூடப்படும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நிறத்தைக் கண்டுபிடிக்கும் வேலை என் வீட்டு வாசலில் நடந்தது. மேடை விளக்குகளுக்கு முன்னால் மாட்டும் வண்ணத் தாள்களின் மாதிரிப் புத்தகம் ஒன்றை என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ வாங்கி வந்தார். இருநூறு தாளுக்கு மேல் இருக்கும். பாட்டிலிலிருந்து எடுத்த ஒரு பஞ்சைத் தட்டில் வைத்து, பக்கத்தில் வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல் ஒவ்வொரு தாளாகப் பிடித்து மத்தியான வெளிச்சத்தில் பார்த்தோம். ஒன்று மஞ்சளாக நின்றது, ஒன்று ரோஜாவாக ஓடியது, ஒன்று ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருந்தது. மூன்று நாளில் அண்ணி எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்.

"ஒரே தாள்ல தேடறதுதான் தப்பு அண்ணி" என்றேன். "மெல்லிசுத் துணிக்கு உள்ள லைனிங் மாத்தினா மேல் துணி நிறமே மாறுதில்ல? ரெண்டு தாளை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாருங்க. அடியில ரோஜா, மேல மஞ்சள்."

வைத்துப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். தாளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

"நீ சொல்றது சரி" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் அந்த வீட்டில் கேட்டது அதுதான் முதல் தடவை. தேதி எழுதி வைத்திருக்கிறேன், அவர் பாட்டிலில் ஒட்டுவது போலவே.

விளக்கு மாட்டி முடித்த திங்கட்கிழமை ஹாலில் நாங்கள் மூன்று பேர், இயக்குநர், கொட்டாவி, அவ்வளவு பேர்தான். பட்டனுக்கு மேலே அண்ணி எழுதிய பலகை இருந்தது. ஒருவர் ஒருமுறை மட்டும் அழுத்தவும், வெளிச்சம் படத்துக்கு நல்லதல்ல.

"அக்கா, நீயே அழுத்து" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் வேண்டாம். தினமும் பார்க்கறவர் அவர்தானே, அவரை அழுத்தச் சொல்லு."

கொட்டாவி சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு அழுத்தினார். பனியின் மேட்டில் எல்லாம் வெயில் வந்தது. மெதுவாக வரும்படி என் வீட்டுக்காரர் ஏதோ செய்திருந்தார். மரங்களின் நிழல்கள் ஒரு சூரியனுக்குச் சொந்தமாயின. பள்ளங்களில் நீலம் அப்படியே இருந்தது, இந்த நிறம் பக்கத்தில் வந்ததும் அந்த நீலமும் நீலமாகத் தெரிந்தது. விறகுக்காரனின் தோளில் ஒரு கோடு மாதிரி வெளிச்சம் ஏறியது. கொட்டாவி யாரையும் கேட்காமல் போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. ஒரு நிமிடம் ஆனதும் வெளிச்சம் அடங்கியது.

"ம். சரியா இருக்கு" என்றார் அண்ணி. மாடிக்குப் போய்விட்டார்.

பெஞ்சில் மறுபடியும் ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். வரிசையில் நின்றுகூட அழுத்தினார்கள். இரண்டாம் தடவை அழுத்த வருகிறவர்களைக் கொட்டாவி பலகையைக் காட்டித் திருப்பி அனுப்பினார். ஒரு வயதான தம்பதி ஆளுக்கு ஒரு தடவை என்று வாதாடி இரண்டு நிமிடம் பார்த்தார்களாம். அண்ணி மட்டும் ஒரு தடவைகூட அந்தப் பட்டனைத் தொடவில்லை. கேட்டால், "எனக்கு வேலை இருக்கு" என்பார். தன்னால் போன வெளிச்சத்தைப் பட்டன் அழுத்தி அனுபவிக்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தார். அவர் சொல்லவில்லை, கூடவே வாழ்கிறவளுக்குச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

போன மாதம் அண்ணி ஓய்வு பெற்றார். கடைசி நாள் டீயும் பேச்சும் முடிந்த பிறகு, அவருடைய குச்சிக் கட்டையும் மூக்குக்கண்ணாடியையும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு நான் கூட நடந்தேன். மாடிப்படி இறங்கி வாசல் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் அவர் திரும்பவில்லை. நேராக மூன்றாவது ஹாலுக்குப் போனார். மூடும் நேரம், யாரும் இல்லை. கொட்டாவி மட்டும் நாற்காலியில் இருந்தார்.

அண்ணி படத்தின் எதிரே நின்றார். பலகையைப் படித்தார், தான் எழுதியதைத் தானே. பிறகு பட்டனை அழுத்தினார்.

வெயில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுக்குத்தான் போறான்" என்றார் மெதுவாக.

"ஆமா அண்ணி."

வெளிச்சம் அடங்கியது. பனி சாம்பலானது. கிளம்பலாம் என்று நான் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அண்ணி நகரவில்லை. பலகையைப் பார்த்தார், கொட்டாவியைப் பார்த்தார். அந்த நல்ல மனுஷன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, நீளமாக ஒரு கொட்டாவி விட்டார்.

அண்ணி இன்னொரு தடவை அழுத்தினார்.